பெரியநாயகி பொறுக்கிய டிக்கெட்டுகள்

1

எங்கள் பஸ்ஸின் பின்வாசல் ஓரத்தில் போன வாரம் ஒரு தகரப் பெட்டி வைத்துவிட்டார்கள். பச்சை வண்ணம். மேலே ஒரு கை நுழையும் அளவுக்கு வாய். இறங்குகிறவர்கள் டிக்கெட்டையும் மற்ற குப்பைகளையும் அதில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது உத்தரவு. பெட்டியின் நெற்றியில் நான்கு மொழிகளில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. தமிழில் மட்டும் ‘தயவு செய்து குப்பை போடவும்’ என்று இருக்கிறது. எதற்குள் போட வேண்டும் என்பதை அச்சடித்தவர் விட்டுவிட்டார். நம் ஆட்கள் அதற்கு முழு மரியாதை கொடுத்து வண்டி முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

புதுக்கோட்டையில் இந்தப் பத்திரிகையை நடத்தும் நண்பர், “சிங்கப்பூரில் பஸ்ஸும் தெருவும் எவ்வளவு சுத்தம் என்று நம்மவர்களுக்கு உறைக்கிற மாதிரி எழுதுங்கள்” என்று கேட்டிருந்தார். பஸ் கண்டக்டராக இருக்கிறவன் எழுதினால் நம்புவார்கள் என்பது அவர் எண்ணம். முதலில் அவர் நினைப்பைக் கொஞ்சம் கலைக்க வேண்டியிருக்கிறது. இங்கே பஸ்ஸில் ஒரு நாளைக்கு என்னென்ன விழும் என்று சொல்கிறேன். பூசணி விதை மாதிரி இருக்கிற குவாச்சியைக் கொறித்துத் துப்பிய தொலி, ரம்புத்தான் பழத்தோல், சிகரெட் துண்டு, வாழையிலைப் பொட்டலம், வறுத்த கடலை விற்கிற நம்மூர்க்காரர்கள் பள்ளிக்கூட நோட்டுத் தாளைக் கிழித்துச் சுருட்டிக் கொடுக்கிற காகிதக் கூம்பு. எல்லாவற்றையும்விட அதிகமாக விழுவது டிக்கெட். இறங்குகிற ஒவ்வொருவரும் ஒன்றைக் காலடியில் போட்டுவிட்டுப் போகிறார். கடைசி நிறுத்தத்தில் வண்டியைப் பெருக்கினால் ஒரு முறம் நிறைய வரும்.

ஆகவே ஊர்க்காரர்கள் ரொம்பவும் கூசிப்போக வேண்டாம். உறைக்கிற மாதிரி எழுத உட்கார்ந்தேன். உறைத்தது எனக்குத்தான். அந்தத் தகரப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முகம் சுண்டிப் போகிறது. அதன் காரணத்தை எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

2

நான் திருவரங்குளத்துக்காரன். என் மனைவி பெரியநாயகிக்கு வல்லத்திராக்கோட்டை. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எங்கள் ஊர்க் கோயிலில் கல்யாணம் நடந்தது. மறுவீட்டுக்காகப் புதுக்கோட்டை வந்து அறந்தாங்கி பஸ்ஸில் ஏறினோம்.

அந்தக் காலத்து அறந்தாங்கி பஸ்ஸை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. இப்போதும் அதே வண்டிதான் ஓடுகிறது என்று கேள்வி. கடலை அறுவடை முடிந்த சமயம். ஏறியவர்கள் எல்லோரும் மடியில் கடலையோடு ஏறினார்கள், எல்லோரும் உரித்துக் கீழே போட்டார்கள். நடந்தால் தோல் நொறுங்குகிற சத்தம் கேட்கும். அதற்கு நடுவில் யாரோ போட்ட சினிமா நோட்டீஸ் ஒன்று கிடந்தது. நான் அதன்மேல் கால் வைக்கப் போனேன். கல்யாணப் பட்டோடு உட்கார்ந்திருந்தவள் குனிந்து அதை இழுத்துக் கண்ணில் ஒற்றி, ஜன்னல் ஓரக் கம்பியில் செருகினாள்.

“பாத்து வைங்க. எழுத்து இருக்கு” என்றாள்.

நாலு பேருக்கு நடுவில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. பஸ்ஸில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரே இருந்த கிழவியும் தன் கால் பட்ட துண்டுக் காகிதத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, உடனே அடுத்த கடலையை உரித்து அதே இடத்தில் தோலைப் போட்டாள். நம்மூர் நியாயம் அப்படி. போடுவதற்குக் கூச்சமே கிடையாது. அதில் எழுத்து இருந்தால் மிதிப்பதற்குக் கூச்சம். சின்ன வயதில் நமக்கெல்லாம் புத்தகத்தில் கால் பட்டால் முதுகில் அடி விழுந்தது ஞாபகம் இருக்கும்.

பெரியநாயகி வல்லத்திராக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்தப் பத்திரிகை கப்பலில் வந்து சேர்ந்தால் வீட்டில் முதலில் பிரிப்பது அவள்தான். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் இது வேண்டியிருக்கும்.

3

நான் முதலில் தனியாகத்தான் கப்பல் ஏறினேன். எங்கள் மகள் சரோஜாவுக்குப் பள்ளிக்கூட வயது வந்தபோது இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டேன். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் ஒற்றை அறை. மேல்மாடியில் ஆவூர் சவரியம்மாள் குடும்பம் இருக்கிறது. நம் பக்கத்துப் பேச்சு காதில் விழ வேண்டுமானால் மாடிப்படி ஏறினால் போதும்.

சரோஜாவை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். இப்போது கணக்கை இங்கிலீஷில் போடுகிறாள், கடைக்காரனிடம் மலாயில் பேரம் பேசுகிறாள். எங்களிடம் தமிழ்தான். ஆனால் அது அங்கங்கே இடறுகிறது. விளக்கை அணைக்க, “ஆத்தா, லைட்டைச் சாத்து” என்பாள். மலாயில் கதவைச் சாத்துவதற்கும் விளக்கை அணைப்பதற்கும் ஒரே சொல். பெரியநாயகி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வருவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

வீட்டுக்குள் இப்படிச் சிரிக்கிற பிள்ளை பஸ்ஸுக்குள் சிரிக்க மாட்டாள். காரணம் அவள் ஆத்தா செய்கிற காரியம். பெரியநாயகி மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் பஸ்ஸில்தான் போய் வருவாள். உட்கார்ந்ததும் காலைத் தூக்கிக்கொண்டு, கீழே கிடக்கிற டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பாள். கண்ணில் ஒற்றுவாள். கையால் நீவி மஞ்சப்பைக்குள் வைப்பாள். அந்த வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. சீனக் கிழவிகள் காலை ஒதுக்கிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். சரோஜா எழுந்து இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள்.

இதெல்லாம் நான் கேள்விப்பட்டதோடு சரி. இந்த வருஷம் எங்கள் வீட்டு வழியாகப் போகிற தடத்துக்கு என்னை மாற்றினார்கள். அதற்குப் பிறகு கண்ணால் பார்த்தேன். தோளில் காசுப்பையும் கையில் டிக்கெட் பலகையுமாக நான் நிற்கிறேன். நான் கிழித்துக் கொடுத்ததைக் கீழே போடுகிறார்கள், என் மனைவி குனிந்து எடுக்கிறாள்.

“இதெல்லாம் வேணாம். குப்பை பொறுக்குறவள்னு நெனைப்பாங்க” என்று வீட்டில் சொன்னேன்.

“நெனைச்சா நெனைச்சுட்டுப் போறாங்க. கூசுறது என் காலுதானே” என்றாள்.

“அது இங்கிலீஷ் எழுத்து.”

“அவுகளுக்கும் அது எழுத்துத்தானுங்களே.”

உண்மையைச் சொன்னால், சரோஜா இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள், நான் முன்வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஊரிலானால் சேர்ந்ததைக் கம்மாய்த் தண்ணீரில் விட்டுவிடுவாள். இங்கே கம்மாய் இல்லை. பழைய பேப்பரும் பாட்டிலும் வாங்க சந்து சந்தாக வருகிற காராங்கூனிக்காரன் மஞ்சப்பையைப் பார்த்து எடை போடக் கேட்டான். கொடுக்க மறுத்துவிட்டாள். அவன் எதைச் சுருட்டிக் கொடுக்க எவனுக்கு விற்பானோ, அது மறுபடியும் காலடியில்தானே வந்து விழும் என்பது அவள் கணக்கு. கடல் பக்கம் போகும்போது விட்டுவிடலாம் என்று சேர்த்து வைத்தாள். பை நிறைந்துகொண்டே வந்தது.

இந்த இடத்தில் என் தொழிலில் உள்ள ஒரு திருட்டைச் சொல்ல வேண்டும். கீழே போட்ட டிக்கெட்டில் அழுக்குப் படாததாகப் பார்த்து எடுத்து, கூட்ட நேரத்தில் அவசரமாக ஏறுகிறவர்கள் கையில் திணித்துவிட்டுக் காசைத் தன் பையில் போட்டுக்கொள்கிற கண்டக்டர்கள் உண்டு. தாங்களே பொறுக்கினால் மாட்டிக்கொள்வோம் என்று ஆள் வைத்துப் பொறுக்குவார்கள். எங்கள் கம்பெனிக்கு இது தெரிந்து, செக்கர்களை முடுக்கிவிட்டிருந்தது. பழைய டிக்கெட்டோடு பிடிபட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

எனக்கு இது தெரியும். தெரிந்தும் பெரியநாயகியிடம் சொல்லவில்லை. குப்பை பொறுக்குறவள்னு நெனைப்பாங்க என்று சொல்லத் தெரிந்த எனக்கு, இதைச் சொல்லத் தோன்றாமல் போனது.

4

ஒரு சனிக்கிழமை சீன செக்கர் ஒருவர் என் பஸ்ஸில் ஏறினார். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து பெரியநாயகியிடம் டிக்கெட் கேட்டார். அவள் மஞ்சப்பையைத் திறந்தாள். அன்றைய டிக்கெட்டை அவளுக்கு உடனே எடுக்கத் தெரியவில்லை. அன்று பொறுக்கியவற்றோடு அதுவும் கலந்து கிடந்தது. அவற்றுக்கு அடியில், நீவி, நிறம் நிறமாக அடுக்கி, துணியால் கட்டின பழைய கட்டுகள். செக்கர் பையை வாங்கிப் பார்த்தார். மலாயில் ஏதோ கேட்டார். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. தான் யார் வீட்டு ஆள் என்று கேட்கிறார் என நினைத்துக்கொண்டு, சிரித்த முகமாக என்னைக் காட்டினாள்.

“என் வீட்டுக்காரருதான்” என்றாள்.

அடுத்த நிறுத்தத்தில் என் டிக்கெட் பலகையையும் காசுப்பையையும் வாங்கிக்கொண்டு என்னை இறக்கிவிட்டார்கள்.

விசாரணைக்கு நாள் குறித்து டிப்போவிலிருந்து காகிதம் வந்தது. அதுவரை வேலை கிடையாது. மனைவியையும் அழைத்துவர வேண்டும் என்று போட்டிருந்தது. டிப்போவில் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு குமாஸ்தா உண்டு. அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். “ஒங்க பிள்ளை இங்கிலீஷ் படிக்குதுல்ல, கூட்டிட்டு வாங்க” என்று வாசலில் இருந்த காவலாளி சொன்னார். என் இங்கிலீஷ் ‘எஸ் சார், நோ சார்’ என்பதோடு நிற்கிறது. கேட்டால் கொஞ்சம் புரியும், பேச வராது. வேறு வழியில்லாமல் சரோஜாவைப் பள்ளிக்கூட உடுப்போடு அழைத்துப் போனேன்.

விசாரித்த வெள்ளைக்காரத் துரை நடுத்தர வயதுக்காரர். மேசையின்மேல் மஞ்சப்பை இருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது. எங்களை உட்காரச் சொல்லவில்லை. இந்த டிக்கெட்டுகளை எதற்காக எடுத்தாய், யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டார். சரோஜா அதைத் தமிழில் சொன்னாள்.

பெரியநாயகி பயப்படவில்லை. தப்பு செய்தால்தானே பயம். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு துரையைப் பார்த்தே பேசினாள்.

“யாரும் சொல்லலைங்க. எழுத்து இருக்குதுல்ல, அதை மிதிக்கலாமா? எங்க பக்கம் கால் பட்டாத் தொட்டுக் கும்புட்டுக்குவோம். மிதிபட்டுக் கெடந்தா எடுத்து ஓரமா வைப்போம். அம்புட்டுத்தான். ஊர்ல கம்மாயில விட்டுருவோம். இங்கிட்டு கம்மாய் இல்லை, அதான் சேத்து வச்சேன். அவருக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்லைங்க. அவரு வேணாம்னுதான் சொன்னாரு.”

நான் கேட்ட சாட்சிகளில் இதைவிட நேரான சாட்சி கிடையாது. இதை அப்படியே சொன்னால் துரைக்கு விளங்கும் என்று நினைத்தேன்.

சரோஜா அப்படியே சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, நல்ல இங்கிலீஷில், வேகமாகச் சொன்னாள். என் அம்மா படிக்காதவர், காட்டுக் கிராமத்திலிருந்து வந்தவர், அவருக்கு எழுத்து என்றால் என்னவென்று தெரியாது, காகிதத்தைச் சாமி என்று நினைக்கிறார், பஸ் டிக்கெட்டை எடுத்து வைத்துக் கும்பிடுகிறார். எனக்குப் புரிந்த அளவில் இதுதான். எழுத்து என்றால் என்னவென்று தெரியாது என்று சொன்னது தெளிவாகவே புரிந்தது.

துரை சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து, இதையா என்பது போலத் தூக்கிக் காட்டினார். பெரியநாயகி, ஆமாம் என்று தலையாட்டினாள். துரை மறுபடியும் சிரித்தார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் தள்ளினார். மறுநாள் வேலைக்கு வரலாம். மஞ்சப்பையைக் காலி செய்து திருப்பிக் கொடுத்தார். டிக்கெட்டெல்லாம் மேசைக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையில் போயிற்று.

5

வெளியே வந்ததும் பெரியநாயகி கேட்டாள்.

“தொரை எதுக்குங்க சிரிச்சாரு?”

“சந்தோசத்துலதான்” என்றேன்.

“நல்ல மனுசன். சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாரு.”

சரோஜா எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

அந்த ஒரு சொல்லோடு விட்டிருக்கலாம். பெரியநாயகி விடவில்லை. கீழ்வீட்டில் சொன்னாள், கோயிலில் சொன்னாள், மார்க்கெட்டில் கீரை விற்கிற அம்மாளிடம் சொன்னாள். எழுத்தை மிதிக்கக் கூடாது என்று தான் சொன்னதும் வெள்ளைக்காரத் துரை மனம் குளிர்ந்து சிரித்துத் தன் புருஷனை விட்டுவிட்டார் என்பது கதை. வல்லத்திராக்கோட்டைக்கும் எழுதிப் போட்டாள். உங்களில் சிலர் அதைக் கேள்விப்பட்டிருக்கலாம். அவள் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். சரோஜா எழுந்து போய்விடுவாள். அவளுக்கு அம்மாவைப் பார்த்தால் வெட்கம் என்று நினைத்தேன். இங்கிலீஷ் படிக்க வைத்ததன் பலன் என்று மனதுக்குள் அவளைக் குறையும் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் தகரப் பெட்டி வந்தது. நகரத்தையே சுத்தமாக வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு, எல்லாக் கம்பெனி பஸ்ஸிலும் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று பெரியநாயகி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சவரியம்மாள் மேலேயிருந்து இறங்கி வந்திருந்தார். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

“நான் சொன்னதுக்கப்பறந்தான்க்கா தொரை பொட்டி வச்சிருக்காரு. இனிமே யாரு காலுலயும் படாது.”

“ஒரு பொம்பளை சொல்லி பஸ்ஸுக்கெல்லாம் பொட்டி வச்சிருக்கான்னா சும்மாவா” என்றார் சவரியம்மாள். “ஒம் மகதானே இங்கிலீசுல எடுத்துச் சொன்னா?”

சரோஜா கதவோரம் உட்கார்ந்து பள்ளிக்கூட ஷூவுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் இருந்தேன்.

“சொல்லு தாயி. தொரைகிட்ட எப்படிச் சொன்னேன்னு பெரியம்மாவுக்குச் சொல்லு” என்றாள் பெரியநாயகி.

“வேணாம் ஆத்தா.”

“கூச்சப்படுறாக்கா.”

சரோஜா ஷூவைக் கீழே வைத்தாள்.

“ஒனக்கு எழுத்தே தெரியாதுன்னு சொன்னேன். பஸ் டிக்கெட்டைச் சாமின்னு கும்புடுதுன்னு சொன்னேன். நீ சொன்ன மாதிரி சொன்னா அவரு நம்ப மாட்டாரு. இப்படிச் சொன்னாத்தான் அப்பாவை விடுவாருன்னு நெனைச்சேன்.”

பெரியநாயகி அவளையே பார்த்தாள். பிறகு, “அதுக்கா தொரை சிரிச்சாரு?” என்று கேட்டாள்.

“தொரை மொதல்ல சிரிக்கலை. அப்பாதான் சிரிச்சாரு. அதைப் பாத்துட்டுத்தான் அவரு சிரிச்சாரு. அப்பாவைக் கேளு.”

சவரியம்மாள், உலையில் அரிசி போட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லி எழுந்து போய்விட்டார். காப்பி பாதி அப்படியே இருந்தது.

இதற்கு மேலே, நாலாவது பகுதியில், துரை சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது என்று எழுதியிருக்கிறேன். அன்றுவரை நான் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். எழுதியதை அடிக்கவில்லை, இருக்கட்டும். சரோஜா சொன்ன பிறகு அந்த அறை திரும்பி வந்தது. அவள் சொல்லி முடித்ததும் துரை பேனாவைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. நம்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் என்று பயந்தேன். பல்லைக் காட்டி, பெரியநாயகி பக்கம் கையைக் காட்டி, நான்தான் முதலில் சிரித்தேன். இதைப் பார்த்து நீங்களும் சிரிக்கலாம் துரை, நாங்களே சிரிக்கிறோம் என்று அவருக்கு எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை சொன்ன பொய் அரைப் பொய்யாக நின்றிருந்தது. அதை நம்ப வைத்தது என் சிரிப்பு.

பெரியநாயகி சரோஜாவிடம் கோபப்படவில்லை. “சரி, வேலைக்காகச் சொன்ன” என்று அவள் தலையைத் தடவினாள். டம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பட்டுக்கொண்டிருப்பேன்.

“நீங்க சிரிச்சப்ப நான் ஒங்க பக்கத்துலதானேங்க நின்னுக்கிட்டு இருந்தேன்?” என்று கேட்டாள்.

ஆமாம். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.